உரிமையாளர் கையெழுத்து

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மிருக ஆஸ்பத்திரி கவுண்டரிலிருந்த பெண் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தாள். குறிக்குக் கீழே 'உரிமையாளர் கையெழுத்து' என்று அச்சாகியிருந்தது. இருதயராஜ் அந்தத் தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, காலடியிலிருந்த கூடையைப் பார்க்காமலிருக்க முயன்றுகொண்டிருந்தார். கூடைக்குள் சாம்பி இருந்தது. ஒரு வயர் கூடையில் அதை உட்கார வைத்து, இன்னொரு கூடையை மேலே கவிழ்த்து, சணல் கயிற்றால் நாலு பக்கமும் கட்டி, ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் ராத்திரியிலிருந்து எதுவும் போடக்கூடாது என்று போனில் சொல்லியிருந்ததால் அது பசியில் கத்தியது. கத்தி நிறுத்தி, யாராவது வருகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, மறுபடியும் கத்தியது. பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன், ஒரு காலை வேலை, பதினொரு மணிக்குள் முடித்துவிட்டு மத்தியானம் கரண்ட் மீட்டர் ரீடிங் எடுக்கப் போய்விடலாம் என்று ஆபீசில் அரை நாள் லீவுதான் சொல்லியிருந்தார். அப்படித்தான் முடிந்திருக்கும். இந்த டாக்டரம்மா அதன் வயிற்றில் கை வைக்காமலிருந்தால் முடிந்திருக்கும். சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது, மேஜைமேல் சாம்பியைப் படுக்க வைத்து ரெண்டு விரலால் அடிவயிற்றை மெதுவாக உருட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார். உள்ளே கோலிக்குண்டு மாதிரி தட்டுப்படுகிறது சார், மூணு நாலு வாரம் இருக்கும், நாலு குட்டி இருக்கலாம் என்றார். இப்போதே செய்துவிடலாம், கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்துவிடுவோம், பூனைக்கு ஆபத்தில்லை. வேண்டாமென்றால் குட்டி போட்டுப் பால் மறக்கட்டும், மூணு மாசம் கழித்து வாருங்கள். ரெண்டும் ஒன்றுதான் என்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு உள்ளே ஒரு நாய்க்கு ஆபரேஷன் இருக்கிறது, முக்கால் மணி நேரம் ஆகும், அதற்குள் வீட்டில் கேட்டு முடிவு பண்ணுங்கள். வீட்டில் கேட்டு. எவ்வளவு சுலபமாக வந்துவிடுகிறது அந்தப் பெண் வாயிலிருந்து. வீட்டில் கேட்டு. வீடு என்றால் செங்கலா, கதவா, தட்டிக் கேட்டவுடன் பதில் சொல்ல.

வீட்டில் ஏற்கனவே கேட்டாயிற்று. பத்து நாள் கேட்டார். பத்து நாளும் செலின் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். கீழ்வீட்டுக்காரர் மொட்டைமாடியில் பூனை அசிங்கம் பண்ணுகிறதென்று புகார் சொல்கிறார், அடுத்த தடவையும் குட்டி போட்டால் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார், பேசாமல் ஆபரேஷன் பண்ணிவிடலாமா என்று இருதயராஜ் ஒவ்வொரு நாளும் வேறு வேறு மாதிரி சொல்லிப் பார்த்தார். சாப்பிடும்போது சொன்னார், துணி மடிக்கும்போது சொன்னார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் சொன்னார். ஒருநாள் மட்டும், பிளவுஸ் கையில் ஊசி குத்தி நிறுத்திவிட்டு, "பாவம், அவளுக்காவது" என்றாள். அவ்வளவுதான். அவளுக்காவது என்ன? அந்த வாக்கியத்தை முடித்திருக்கக் கூடாதா. முடிக்காத வாக்கியத்தை ஒருத்தர் வீட்டுக்குள் விட்டுவிட்டால் அது போகிற இடமெல்லாம் வருகிறது. யார் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்தாலும் அவளுக்காவது, எண்ணைக் குறிக்கும்போது அவளுக்காவது, கேட்டுக்குள் நாய் குரைத்தால் அவளுக்காவது. சாம்பியை அவள் 'அவள்' என்றுதான் சொல்வாள். அவர் 'அது' என்பார். அதிலேயே எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. பத்தாவது நாள், அதாவது நேற்று, நாளைக்குக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு, "உங்க இஷ்டம்" என்றாள். உங்க இஷ்டம். அதற்கு என்ன அர்த்தம் என்று இவ்வளவு வருஷம் கழித்தும் அவருக்குத் தெரியாது. சில சமயம் சரி என்று அர்த்தம். சில சமயம் வேண்டாம் என்று அர்த்தம். சில சமயம், செய்யுங்கள், ஆனால் நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன் என்று அர்த்தம். காலையில் கூடையில் சாம்பியை அடைத்தபோது செலின் உதவிக்கு வரவில்லை. தடுக்கவும் இல்லை. கயிற்றை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். கயிறு எடுத்துக் கொடுத்தால் சம்மதம்தானே? சம்மதமில்லாதவள் கயிறு எடுத்துக் கொடுப்பாளா? ஆனால் அப்போது வயிற்றில் இருப்பது அவளுக்குத் தெரியாதே. தெரியாமல் எடுத்துக் கொடுத்த கயிறு கணக்கில் சேருமா.

எதிர் பெஞ்சில் ஒருவர் மஞ்சள் நிற லாப்ரடாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாய்க்குக் காதில் புண்; காது நுனியில் மருந்து தடவியிருந்தது. அவர் போனில் யாருக்கோ மனை விற்றுக்கொண்டிருந்தார். போனை வைத்தவுடன் இருதயராஜைப் பார்த்து, என்ன சார் பூனையா, ஆணா பெண்ணா என்றார். பெண் என்றார் இருதயராஜ். ஆபரேஷனா? ஆமாம். அந்த மனிதர் உதட்டைப் பிதுக்கினார். இயற்கையில் கை வைக்கக்கூடாது சார், அதுபாட்டுக்குப் போடும், அதுபாட்டுக்குப் போகும், ஆண்டவன் படைச்சது என்றார். இருதயராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதுபாட்டுக்கு எங்கே போகும்? சொல்லு, எங்கே போகும்? கால் முளைத்த நாலு பஞ்சு உருண்டைகள் தாங்களாகக் கதவைத் திறந்துகொண்டு, போய்வருகிறோம் என்று சொல்லிவிட்டா போகின்றன? யாரோ ஒருத்தன் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. அந்த ஒருத்தன் இங்கே உட்கார்ந்திருக்கிறான். வாய்வரை வந்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, தாளை மடித்தார், மடித்தது தப்பென்று பட, பிரித்துத் தொடையில் வைத்து நீவினார். பெருக்கல் குறிமேல் ஒரு மடிப்புக்கோடு விழுந்துவிட்டது. ஒரு தாளைக்கூட ஒழுங்காக வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. கூடைக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே நீண்டு வயர் இடுக்கு வழியாக அவர் செருப்பைத் தொட்டது. நகம் இழுத்துக்கொண்டு, மெத்தென்று. அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

மொத்தம் பன்னிரண்டு குட்டிகள். முதல் தடவை நாலு, அடுத்து அஞ்சு, கடைசியில் மூணு. ஊரில் ஒரு நாளைக்கு நூறு வீட்டு வாசலில் நிற்கிற மனுஷன், பன்னிரண்டு குட்டிக்கு வீடு பார்ப்பது ஒரு வேலையா என்று செலின் நினைத்தாள். அவரும் முதலில் அப்படித்தான் நினைத்தார். மீட்டர் பார்த்துவிட்டு, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, அம்மா பூனைக்குட்டி வேணுமா, நல்ல குட்டி, கொஞ்சம்கூடத் தொந்தரவு கிடையாது என்று கேட்டார். ஒரு வாரம் கேட்டார். சிரித்தார்கள். நாயென்றால் பரவாயில்லை என்றார்கள். கர்ப்பிணி இருக்கிற வீடு, ஆஸ்துமா இருக்கிற வீடு, புறா வளர்க்கிற வீடு. ஒரே ஒரு பெட்டிக்கடைக்காரர் எலித்தொல்லைக்காக ஒன்றை வாங்கிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவர் அதைச் சொன்னபோது செலினுக்கு முகம் மலர்ந்ததே, அங்கேதான் எல்லாம் கெட்டது. அந்த முகத்தை மறுபடியும் பார்க்க வேண்டும் போலிருந்தது. மற்ற மூன்றையும் மஞ்சப்பையில் போட்டு மீன் மார்க்கெட் பின்பக்கம் விட்டுவிட்டு வந்த சாயங்காலம், ஒன்றை ஒரு ரிட்டயர்டு டீச்சர் வாங்கிக்கொண்டார்கள், மற்றதுக்கும் இடம் கிடைத்துவிட்டது என்று சொன்னார். சும்மா, வாயில் வந்தது. டீச்சர் பேர் என்ன என்று கேட்டாள். விசாலாட்சி என்றார். எங்கிருந்து வந்தது அந்தப் பேர்? அடுத்த மாதம் செலின் கேட்டாள், டீச்சர் வீட்டுக் குட்டி எப்படியிருக்கு? நன்றாக இருக்கிறது, டிவி பெட்டிமேல் ஏறித் தூங்குகிறது. அதற்கடுத்த மாதம், டீச்சர் அதற்கு பிரவுனி என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஒருநாள் சின்ன டப்பாவில் நெத்திலிக் கருவாடு வறுத்துப் போட்டு, டீச்சர் சைவம் என்கிறீங்க, பாவம் குட்டி, இதைக் கொடுத்துட்டு வாங்க என்றாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போய் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் கொட்டிவிட்டு, அங்கேயே நின்று அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸுக்கு கேக்கோடு நேரில் போய்ப் பார்ப்போம் என்று அவள் கிளம்பியபோது டீச்சரை அவசரமாக ஓசூருக்கு, மகள் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பூனையையும் கூடவே ரயிலில் ஏற்ற வேண்டியிருந்தது. இல்லாத ஒரு கிழவியையும் இல்லாத ஒரு பூனையையும் இவ்வளவு தூரம் கட்டி இழுக்க எப்படித்தான் தெம்பு வந்ததோ. இருந்த பூனைகளுக்கு அதில் பாதி பண்ணியிருந்தால்.

அதைத்தான் நினைக்கக்கூடாது என்று வைத்திருந்தார். இருந்த பூனைகளை. மூணாவது தடவை போன நவம்பரில். மூணும் ஒரே பையில். ஸ்கூட்டர் கொக்கியில் பையை மாட்டியிருந்தார், மழை தூறிக்கொண்டிருந்தது. சிக்னலில் நின்றபோது பைக்குள் கீச்சென்று ஒரு சத்தம். பக்கத்து பைக்கில் அம்மாவைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் திரும்பிப் பார்த்தது. அவர் சத்தமாகத் தொண்டையைச் செருமினார். குட்டி கத்துவதை ஒரு மனுஷன் இருமி மறைத்தான். அந்த நாற்பது விநாடி. மார்க்கெட் பின்பக்கத்தில் மீன் வெட்டுகிற ஒரு பெண் பார்த்துவிட்டாள். இங்க ஏற்கனவே முப்பது கிடக்குதுங்க, எடுத்துட்டுப் போங்க, நாய் இழுத்துட்டுப் போயிரும் என்று கத்தினாள். காதில் விழாதவர் மாதிரி வந்துவிட்டார். விழுந்தது. ஒவ்வொரு எழுத்தும் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. ரீடிங் எடுக்க வேண்டிய இரண்டு வீட்டுக்குச் சுற்றிக்கொண்டு போகிறார். அதனால்தான் ஆபரேஷன். கீழ்வீட்டுக்காரர் புகார் எல்லாம் ஒரு சாக்கு. அந்த மனுஷர் ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. இன்னொரு தடவை அந்தப் பையைத் தூக்க முடியாது என்பதுதான் விஷயம். அதைச் சொல்ல வேண்டும் என்றால் முந்தின மூன்று தடவையையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் காரியத்தை முடிக்க இன்றைக்கு ஒரு வழி கிடைத்தது. அந்த வழியிலும் நாலு கோலிக்குண்டு வந்து கிடக்கிறது.

சரி, கையெழுத்தைப் போட்டுவிட்டால் என்ன. வயிற்றில் இருந்தது என்று சொல்லாமலே விட்டுவிட்டால். டாக்டரம்மாவா வந்து செலினிடம் சொல்லப்போகிறார். தையல் போட்ட வயிற்றோடு சாம்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவள் பஞ்சு வைத்துப் படுக்கை போடுவாள், நாலு நாளில் சரியாகிவிடும். பொய்யோடு பொய்யாக இன்னொன்று. பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றினார். உரிமையாளர் என்ற இடத்தில் விரல் நின்றது. இதே மாதிரி ஒரு தாள். இதே மாதிரி ஒரு பெருக்கல் குறி. ஆறு வருஷத்துக்கு முன்னால், அதில் 'கணவர் அல்லது காப்பாளர்' என்றிருந்தது. கட்டியை மட்டும் எடுத்துவிடலாம் என்று சொல்லித்தான் செலினை உள்ளே கொண்டுபோனார்கள். அரை மணி நேரத்தில் ஒரு நர்ஸ் வெளியே வந்து, ரத்தம் நிற்கவில்லை, கர்ப்பப்பையை முழுசாக எடுக்க வேண்டும், சீக்கிரம் போடுங்கள் என்று தாளை நீட்டினாள். அவர் போட்டார். யோசிக்கவே இல்லை. யோசிக்க என்ன இருந்தது, உயிர் முக்கியம். செலினுக்கு அப்போது முப்பத்தெட்டு வயசு. ஏழு மாசத்தில் ஒன்று தவறியிருந்தது, அதற்குப் பிறகு வரவில்லை, ஆனாலும் வராது என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அவள் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் கஞ்சி ஆற்றிக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டு, அவரைப் பார்க்காமல், "எழுப்பிக் கேட்டிருக்கலாம்" என்றாள். வயிற்றைக் கிழித்துப் படுக்கப் போட்டிருக்கிறார்கள், மயக்கத்தில் இருக்கிறவளை எப்படி எழுப்புவது? பைத்தியக்காரப் பேச்சு. அவருக்குக் கோபம் வந்தது, இன்றைக்கும் வருகிறது. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவனிடம் சொல்கிற சொல்லா அது? எழுப்பிக் கேட்டிருக்கலாம். எப்படி எழுப்புவது, சொல், எப்படி எழுப்புவது என்று ஆறு வருஷமாகக் குளிக்கும்போதும், பல் தேய்க்கும்போதும் மனசுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அந்த வருஷம்தான் மழைக்கு ஒதுங்கி, உள்ளங்கை அளவில், சாம்பல் நிறத்தில் இது வந்தது.

உள்ளே நாய் ஒன்று முனகும் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கவுண்டரிலிருந்த பெண் எட்டிப் பார்த்து, சார் சைன் பண்ணிட்டீங்களா, டாக்டர் முடிக்கப்போறாங்க என்றாள். இதோ என்றார். மனை விற்பவர் இன்னொருத்தருக்கு இன்னொரு மனையை விற்றுக்கொண்டிருந்தார். இப்போது செலின் மயக்கத்தில் இல்லை. வீட்டில் மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள், பக்கத்திலேயே போன் இருக்கிறது. கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வாள் என்பது தெரியும், அதுதான் எரிச்சல். கூட்டிட்டு வந்துடுங்க, பெத்துக்கட்டும், நீங்கதான் வீடு பார்த்துடுவீங்களே என்பாள். நீங்கதான் பார்த்துடுவீங்களே. அதற்கு அவரிடம் பதில் ஒன்றுதான் இருக்கிறது. போனை எடுத்தார், வைத்தார். எழுந்து தண்ணீர் கேன் அருகே போய் ஒரு டம்ளர் குடித்தார். திரும்பி வரும்போது கூடைக்குள்ளிருந்து சாம்பி அவரைப் பார்த்துக் கத்தியது. அதற்கு அவர் யாரென்று தெரியும். சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மாடிப்படி வரை வந்து நிற்கும். குட்டிகளைக் கொண்டுபோன மூன்று தடவையும் அப்படித்தான் வந்து நின்றது, வெறும் பையை முகர்ந்து பார்த்தது, வாலைச் சுருட்டிக்கொண்டு அவர் காலிலேயே உரசியது. திட்டியிருக்கலாம். பிறாண்டியிருக்கலாம். வெளியே வேப்பமரத்தடிக்குப் போய் நின்று எண்ணை அழுத்தினார்.

மிஷின் சத்தம் கேட்டது, நின்றது. சாம்பியின் வயிற்றில் குட்டி இருக்கிறதாம் என்றார். எத்தனையாம் என்று செலின் கேட்டாள். நாலு இருக்கலாமாம். "நாலா" என்றாள், அந்த ஒரு சொல்லில் அவள் முகம் முழுக்கத் தெரிந்தது. அப்புறம் அவர் பயந்தபடியே சொன்னாள். பட்டினி போட்டுக் கொல்லாதீங்க அவளை, கூட்டிட்டு வாங்க, வழக்கம்போல நீங்கதான் இடம் பார்த்துடுவீங்களே. இருதயராஜ் மரத்தின் பட்டையை நகத்தால் பெயர்த்தார்.

"டீச்சர்னு யாரும் இல்ல செலின்."

அவள் புரிந்துகொள்ளவில்லை. ஓசூரிலிருந்து வரவில்லையா என்றாள். இல்லை, ஓசூரும் இல்லை, விசாலாட்சியும் இல்லை, பிரவுனியும் இல்லை, பெட்டிக்கடைக்காரர் வாங்கினது ஒன்றுதான் நிஜம், மீதி பதினொன்றையும் மீன் மார்க்கெட் பின்னால் விட்டுவிட்டேன், மூணு தடவையும், என்று ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்தவுடன் லேசாகிவிடும் என்று எங்கேயோ நினைத்திருந்தார் போலிருக்கிறது. ஒன்றும் லேசாகவில்லை. அந்தப் பக்கம் தெருவில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போவது கேட்டது. அவன் அடுத்த வீடு வரை போனதும் கேட்டது. பிறகு செலின், "அப்ப கருவாடு?" என்றாள். கொட்டிட்டேன் என்றார். போன் துண்டிக்கப்பட்டது. மறுபடியும் கூப்பிட்டார், எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டார். முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். இப்போது என்ன ஆயிற்று? முடிவும் கிடைக்கவில்லை, பொய்யும் போயிற்று. சொல்லாமலிருந்திருந்தால் ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கும். இனி கூட்டிக்கொண்டு போனாலும் தப்பு, இங்கே விட்டாலும் தப்பு. டாக்டரம்மா கை துடைத்துக்கொண்டே வெளியே வந்து லாப்ரடார்க்காரரை உள்ளே கூப்பிட்டார், போகிறபோக்கில் இருதயராஜைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவர் கையை விரித்தார். கையை விரிப்பதற்கு மட்டும்தான் அவருக்கு இன்றைக்குத் தெரிந்திருந்தது.

கால் மணி நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. செலின் இறங்கினாள். கழுத்தில் அளவெடுக்கிற டேப் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சேலையில் நூல் ஒட்டியிருந்தது. அவரைப் பார்க்கவில்லை. நேராகக் கூடைக்கு வந்து தரையில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்தாள். அவர் உதவக் குனிந்தபோது அவள் கை அவர் கையை விலக்கியது, கோபமாகக்கூட இல்லை, மேஜைமேல் இருக்கிற பொருளை விலக்குகிற மாதிரி. சாம்பி அவள் மடியில் ஏறிக் கத்துவதை நிறுத்தியது. அவள் அதன் அடிவயிற்றில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் அசையாமல் இருந்தாள். டாக்டரம்மா வந்து, என்ன சார் முடிவு பண்ணியாச்சா என்று அவரைக் கேட்டார். பதில் செலினிடமிருந்து வந்தது. பதிலாக அல்ல, கேள்வியாக. அவளுக்கு வலிக்குமா என்றாள். மயக்க மருந்து கொடுத்துவிடுவோம், தெரியாது என்றார் டாக்டரம்மா. முழித்த பிறகு தேடுமா என்றாள். இந்த நிலையில் தேடாதும்மா, ரெண்டு நாள் சோர்வாக இருக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டரம்மா. செலின் கையை நீட்டினாள். இருதயராஜின் தொடையிலிருந்த தாளை அவளே எடுத்துக்கொண்டாள். முதல் வரியிலிருந்து படித்தாள். மயக்க மருந்து பற்றிய வரி, ஆபத்து பற்றிய வரி, எல்லாவற்றையும் உதடு அசையப் படித்தாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கூட்டிக்கொண்டு போகத்தானே வந்தாள்? நாலு என்று கேட்டு அப்படிச் சந்தோஷப்பட்டவள்தானே? செலின், அவசரப்படாதே, கூட்டிட்டுப் போயிடலாம், இந்தத் தடவை நிஜமா நான் வீடு வீடா, என்று ஆரம்பித்தார். அவள் பேனாவுக்குக் கை நீட்டினாள். அப்போதுதான் முதல் தடவையாக அவரைப் பார்த்தாள்.

"முதல் தடவையே இதச் சொல்லியிருந்தீங்கன்னா, அப்பவே இவளைக் கூட்டிட்டு வந்திருப்பேன்."

குரல் உயரவில்லை. சுவரில் வைத்து, மடிப்புக்கோட்டுக்குக் குறுக்கே, கொட்டை எழுத்தில் தன் பேரை எழுதினாள். சாம்பியின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு அவளே தூக்கிக்கொண்டு போய் உள்ளே மேஜைமேல் விட்டாள். ஊசி போடும்வரை உள்ளே நின்றாள். அவர் வாசலில் நின்று அவள் முதுகைப் பார்த்தார். பதினொன்று. முதல் மூன்றை அவளிடம் வந்து, யாருக்கும் வேண்டாம் என்கிறார்கள் செலின், என்ன பண்ணலாம் என்று கேட்டிருந்தால் மீதி எட்டும் பிறந்தே இருக்காது. அந்த மூன்றுக்கும்கூட அவள் ஏதாவது வழி பண்ணியிருப்பாள், துணி கொடுக்க வருகிற பெண்கள் தலையில் கட்டியிருப்பாள். ஒரு கேள்வி. பதில் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, அவளால் தாங்க முடியாது என்று நினைத்துக்கொண்டு, அவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி. தாங்க முடியாதது யாருக்கு? அந்த இடத்தில் வந்து யோசனை நின்றது. மேலே போகவும் மறுத்தது, திரும்பவும் மறுத்தது.

கதவை மூடினார்கள். செலின் வந்து அதே பெஞ்சில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தாள். கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டத் தொடங்கினாள். மன்னிச்சிரு என்று சொல்ல அவர் வாயெடுத்தார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள், அவர் சொல்வதற்கு முன்னாலேயே. கூடை ரெண்டும் தரையில் வாய் திறந்து கிடந்தன. டேப்பைச் சுருட்டி முடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மூடிய கதவைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"வெளிய வர ஒரு மணி நேரம் ஆகுமாம். ஒண்ணொண்ணா சொல்லுங்க. எதை எங்க விட்டீங்க, எப்படி இருந்துச்சு, எல்லாம். முதல் தடவை, வால் நுனி மட்டும் வெள்ளையா ஒண்ணு இருந்துச்சே, அதுலேர்ந்து."

இருதயராஜ் வாயைத் திறந்தார். வால் நுனி வெள்ளை. அவருக்கு ஞாபகம் இருந்தது. எல்லாமே ஞாபகம் இருந்தது. "அது பைலேர்ந்து இறங்கவே மாட்டேன்னுச்சு" என்று ஆரம்பித்தார்.